இருட்டில் கைக்கு வழி தெரிவது எப்படி?

கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடச் சொன்னால் எல்லோரும் தொட்டுவிடுகிறோம். விளக்கு அணைந்த அறையில் சுவிட்சை நோக்கிக் கை தானாக நீள்கிறது. முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கொக்கி மாட்டுகிறோம். கையைப் பார்க்காமலே அது எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் போக வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் மூளைக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் கேள்வி. நரம்புப் பாதிப்பு வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்தக் கேள்வியோடுதான் என் நாளே போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்ணின் துணையோடு கையை நகர்த்துவதுதான் இயல்பு, கண் இல்லாமல் நகர்த்துவது ஏதோ விசேஷத் திறமை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. கண் நன்றாகத் திறந்திருக்கும்போதும் கையின் பயணத்தில் பெரும்பகுதி கண்ணை எதிர்பார்க்காமல்தான் நடக்கிறது. காரணம், நேரம் போதாது. மேசையில் கிடக்கும் பேனாவை நோக்கிக் கை வேகமாக நீள அரை வினாடிகூட ஆவதில்லை. கண்ணில் விழும் காட்சி விழித்திரையில் துடிப்பாக மாறி, மூளையின் பின்புறம் போய், அங்கிருந்து முன்னால் வந்து, கைத் தசைக்கு ஒரு திருத்தமாக இறங்க 100 முதல் 150 மில்லி வினாடி பிடிக்கும். 'கை இங்கே இருக்கிறது' என்று கண் சொல்லி, அதற்கேற்பத் தசை வேலை செய்யத் தொடங்கும்போது கை அந்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். பழைய செய்தியை மட்டும் நம்பி ஓட்டினால் கை இலக்கைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி, தள்ளாடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதை முதலில் முறையாக அளந்தவர் ராபர்ட் உட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர், 1899இல். சோதனை மிக எளியது. உருளையில் சுற்றிய காகிதம் நகர்ந்துகொண்டே இருக்கும். மெட்ரோனோம் அடிக்கிற தாளத்துக்கு அதன்மேல் பென்சிலால் ஒரே நீளத்தில் கோடு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சுற்று கண் திறந்து, ஒரு சுற்று கண் மூடி. மெதுவாக இழுத்தபோது கண் திறந்து இழுத்த கோடுகள் மிகத் துல்லியமாக இருந்தன. தாளத்தைக் கூட்டக் கூட்ட அந்தச் சாதகம் கரைந்துகொண்டே வந்தது. ஒரு வேகத்துக்கு மேல் கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பிழை ஒன்றுதான். கண்ணை மூடி இழுத்த கோடுகளிலோ மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் பிழை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. இதிலிருந்து அவர், ஓர் அசைவுக்கு இரண்டு பாகம் உண்டு என்றார். முன்கூட்டியே வகுத்து வீசப்படும் உந்தல் ஒன்று. இலக்கை நெருங்கும்போது நடக்கும் நுண்திருத்தம் மற்றொன்று. கண் கைகொடுப்பது பெரும்பாலும் இரண்டாவதில்.

ஆக, முதல் உந்தலை மூளை எதை வைத்து வகுக்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. அதில் ஒரு பாதி தசைக்குள்ளேயே இருக்கிறது.

உடலின் உறுப்புகள் எங்கே இருக்கின்றன, எப்படி அசைகின்றன என்ற உணர்வுக்குச் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் புரொப்ரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தார். தமிழில் நிலையுணர்வு என்று வைத்துக்கொள்வோம். பார்வை, கேட்டல், தொடுதல் என்று ஐம்புலன்களை எண்ணும்போது இதை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் இது போனால் வாழ்க்கை எந்த அளவுக்குக் குலைந்துபோகும் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் ஐந்தோடு நிறுத்த மாட்டார்கள்.

இதன் முக்கியக் கருவி தசைக்கதிர். சில மில்லிமீட்டர் நீளம், நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிந்த வடிவம். தசை நார்களுக்கு இணையாக அவற்றின் இடையே கிடக்கும். இதற்குள்ளே மிக மெல்லிய சில நார்கள் இருக்கின்றன. அவற்றின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு நரம்பு முனை சுருள் கம்பி போல வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டிருக்கும். தசை நீளும்போது கதிரும் நீளும், சுருள் விரியும், நரம்பு படபடவென்று துடிப்புகளை அனுப்பும். எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதையும் எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதையும் சேர்த்தே அனுப்பும். முழங்கையை நீட்டினால் முன்பக்கத் தசை நீள்கிறது, பின்பக்கத் தசை சுருங்குகிறது. இரண்டு பக்கத்துக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் முழங்கை எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. தசை சுருங்கும்போது கதிர் தொய்ந்துபோய்ப் பேசாமல் இருந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காகக் கதிரின் இரு முனைகளையும் இழுத்துப் பிடித்து வைக்கத் தனியாக ஒரு நரம்புத் தொகுதியே இருக்கிறது. எவ்வளவு கூர்மையாகக் கேட்க வேண்டும் என்பதை மூளையும் தண்டுவடமும் அதன் வழியாகக் கூட்டிக் குறைக்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தசை எலும்போடு சேரும் நாணில் இருக்கும் உணரிகள், தசை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்று சொல்கின்றன. மூட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் மூட்டு அதன் எல்லையை எட்டும்போதுதான் குரல் கொடுக்கும். தோலும் உதவுகிறது. விரலை மடக்கினால் முட்டியின் மேல்தோல் இழுபடுகிறதே, அந்த இழுவையும் ஒரு செய்திதான்.

தசைக்கதிர்தான் முக்கியச் சாட்சி என்பதற்கு அழகான நிரூபணம் ஒன்று இருக்கிறது. ஒருவரைக் கண்ணை மூடச் சொல்லி, கையை அசையாமல் பிடித்து வைத்து, முழங்கைக்கு மேலே முன்பக்கத் தசையின் நாணில் வினாடிக்குச் சுமார் 100 முறை அதிரும் கருவியை அழுத்திப் பிடியுங்கள். அந்த அதிர்வு தசைக்கதிர்களை ஏமாற்றிவிடும். தசை நீண்டதுபோல அவை துடிப்புகளை அனுப்பும். கை கொஞ்சமும் நகரவில்லை, ஆனால் கை நீண்டுகொண்டே போகிறது என்று அந்த நபர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார். மற்றக் கையால் அதே நிலையைக் காட்டச் சொன்னால் அதை நீட்டிக் காட்டுவார். குட்வின், மெக்லாஸ்கி, மேத்யூஸ் ஆகிய மூவர் 1972இல் இதை வெளியிட்டார்கள். பிறகு ஜேம்ஸ் லாக்னர் 1988இல் இதை இன்னும் ஒருபடி கொண்டுபோனார். விரல்களால் மூக்கு நுனியைப் பிடித்திருக்கும்போது அதே தசையில் அதிர்வு கொடுத்தால், கை முகத்தை விட்டு விலகுவதாகத் தோன்றும். ஆனால் விரல் இன்னும் மூக்கைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒத்துப்போக வைக்க மூளை என்ன செய்கிறது தெரியுமா? மூக்கு நீண்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறது. பலருக்கு மூக்கு பல அங்குலம் வளர்ந்ததுபோலவே தோன்றியது. உடலின் வடிவம் நமக்கு நேரடியாகத் தெரிவதில்லை, வந்து சேரும் செய்திகளிலிருந்து மூளை நொடிக்கு நொடி அதைக் கணித்துக்கொண்டிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.

இந்த இழுவை எப்படி மின்துடிப்பாகிறது என்பதும் சமீபத்தில் தெரிந்தது. 2010இல் ஆர்டெம் பட்டபூட்டியானின் குழு பியசோ என்ற புரதங்களைக் கண்டுபிடித்தது. செல்லின் சவ்வு இழுபட்டால் திறந்துகொள்ளும் வாசல்கள் இவை. 2021 நோபல் பரிசில் அவருக்கு ஒரு பங்கு கிடைத்தது இதற்காகத்தான். இவற்றில் பியசோ2 பிறவியிலேயே வேலை செய்யாத இரண்டு இளம் நோயாளிகளைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வந்தது. கண் திறந்திருந்தால் நடந்தார்கள், பொருளை எடுத்தார்கள். கண்ணைக் கட்டினால் நடை குலைந்து விழப்போனார்கள், நீட்டிய கை இலக்கைத் தவறவிட்டது. ஒரே ஒரு புரதம் இல்லாததால் வந்த வினை.

சரி, உணரிகள் சொல்கின்றன, மூளை கேட்டு நடத்துகிறது, அவ்வளவுதானா? நூறு வருடத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். 1895இல் மாட் என்பவரும் ஷெரிங்டனும் குரங்கின் ஒரு கையிலிருந்து தண்டுவடத்துக்கு வரும் உணர்வு நரம்பு வேர்களை மட்டும் வெட்டினார்கள். தசைக்குப் போகும் நரம்புகளைத் தொடவில்லை. குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டது. உணர்வு இல்லாமல் விருப்ப அசைவே இல்லை என்ற முடிவுக்கு இது வழிவிட்டது.

அது முழு உண்மை அல்ல என்று பிறகு தெரிந்தது. கார்ல் லாஷ்லி 1917இல் ஒரு நோயாளியைச் சோதித்தார். துப்பாக்கிக் குண்டு தண்டுவடத்தைக் காயப்படுத்தியதால் முழங்கால் அசைவதே அவருக்குத் தெரியாது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, கேட்ட அளவுக்கு முழங்காலை ஓரளவு சரியாக மடக்கவும் நீட்டவும் முடிந்தது. பல வருடம் கழித்து எட்வர்ட் டாப், குரங்கின் நல்ல கையைக் கட்டிப்போட்டால் உணர்வற்ற கையை அது பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறது என்று காட்டினார். கை முடியாமல் கிடக்கவில்லை. வசதியான கை இன்னொன்று இருந்ததால் இதைப் பயன்படுத்தாமல் இருக்கக் குரங்கு கற்றுக்கொண்டுவிட்டது. பக்கவாதம் வந்தவர்களின் நல்ல கையைக் கையுறையால் கட்டுப்படுத்தி, பலவீனமான கையை வேலை செய்யவைக்கும் சிகிச்சை இதிலிருந்து பிறந்ததுதான். எழுபதுகளின் இறுதியில் பொலிட், பிட்ஸி இருவரும், உணர்வு நரம்பு வெட்டப்பட்ட குரங்குகள் தங்கள் கையைப் பார்க்க முடியாதபோதும் பழகிய இலக்கைச் சரியாகச் சுட்டுவதைக் காட்டினார்கள்.

மனிதர்களில் இதை மிகத் துலக்கமாகக் காட்டியவர், 1982இல் பிரிட்டிஷ் நரம்பியலாளர்கள் விவரித்த ஒரு நோயாளி. நரம்பு நோயால் கைகளில் நிலையுணர்வு ஏறக்குறைய முற்றிலும் போய்விட்டது. தசை வலு நன்றாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மற்ற விரல்களை வரிசையாகத் தொட்டார், காற்றில் உருவங்கள் வரைந்தார். தன் பழைய காரைக் கியர் மாற்றி ஓட்டினார், இருட்டிலும்கூட. பார்த்தவர்கள் அசந்துபோயிருப்பார்கள். ஆனால் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. பேனாவைப் பிடித்து எழுத முடியவில்லை. ஒரே அழுத்தத்தில் ஒரு பொருளைப் பிடித்திருக்கச் சொன்னால், கண்ணால் பார்க்காதபோது ஓரிரு வினாடிக்குமேல் அந்த அழுத்தம் நிலைக்கவில்லை. அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால் பிழை சேர்ந்துகொண்டே போனது. புதுக் கார் வாங்கியபோது அதை ஓட்டக் கற்றுக்கொள்ளவே முடியாமல் பழைய காருக்கே திரும்பினார்.

இந்தக் கடைசி விவரத்தை நான் பல முறை யோசித்திருக்கிறேன். பழைய காரின் கியர் எங்கே இருக்கிறது, எவ்வளவு விசை வேண்டும் என்பதெல்லாம் நோய் வருவதற்கு முன்பே மூளையில் பதிந்திருந்தது. அந்தப் பதிவை வைத்துக் கட்டளை அனுப்பினால் போதும், கை போய்ச் சேர்ந்துவிடுகிறது. புதிய காருக்குப் புதுப் பதிவு வேண்டும். அதைச் செதுக்கத் தேவையான செய்தி கையிலிருந்து வரவில்லை.

அப்படியென்றால் கை எங்கே இருக்கிறது என்று மூளை தெரிந்துகொள்ள இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் பதிலின் மறுபாதி. தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அதன் நகல் ஒன்றை மூளை தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறது. 'இந்தக் கட்டளையை அனுப்பினேன், கை இந்நேரம் இங்கே இருக்க வேண்டும்' என்று கணக்குப் போட்டுவிடுகிறது. கை போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வரும்வரை காத்திருப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணை வைத்து இதை ஊகித்தார். கண்ணை நாமாகத் திருப்பினால் உலகம் அசையாமல் நிற்கிறது. இமையின் ஓரத்தை விரலால் மெதுவாகத் தள்ளினால் உலகம் துள்ளுகிறது. இரண்டிலும் விழி நகர்கிறது, ஆனால் ஒன்றில்தான் கட்டளை இருக்கிறது. 1950இல் ஜெர்மனியில் ஃபான் ஹோல்ஸ்ட், மிட்டல்ஷ்டெட் இருவரும், அதே ஆண்டில் அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெரியும் தனித்தனியாக இதைக் கோட்பாடாக வகுத்தார்கள்.

கட்டளையே உணர்வாக மாறும் என்பதற்குச் சைமன் கண்டேவியாவின் குழு 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கையை மரத்துப்போகவும் செயலிழக்கவும் வைத்துவிட்டார்கள். உள்ளே வரும் செய்தியும் இல்லை, வெளியே நடக்கும் அசைவும் இல்லை. அந்த நிலையில் மணிக்கட்டை மடக்க முயலச் சொன்னபோது, மணிக்கட்டு மடங்கிவிட்டது என்றே அவர்கள் உணர்ந்தார்கள். அசையாத கை அசைந்ததாகத் தெரிந்தது, முயற்சி செய்த ஒரே காரணத்தால்.

இரண்டு செய்திகளும் எப்படிக் கலக்கின்றன? டேனியல் வோல்பர்ட், கஹ்ரமானி, ஜோர்டன் மூவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், இருட்டில் கையை நகர்த்தி, ஒலி கேட்டதும் நிறுத்தி, கை எங்கே இருக்கிறது என்று மற்றக் கையால் காட்டச் சொன்னார்கள். நகர்த்தத் தொடங்கியதும் பிழை ஏறியது, சுமார் ஒரு வினாடி வரை. அதற்குப் பிறகும் நகர்த்திக்கொண்டிருந்தால் பிழை இறங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் மூளை தன் கணிப்பையே நம்புகிறது, கணிப்பில் உள்ள சிறு பிழை சேர்ந்துகொண்டே போகிறது. போகப்போகக் கையிலிருந்து செய்தி வந்து குவிந்ததும் கணிப்பை அதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. விண்கலம் எங்கே இருக்கிறது என்று கணிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கணிதமும் இதேதான்: கணி, அள, இரண்டில் எது நம்பகமோ அதற்கு அதிக எடை கொடு.

இந்த முன்கணிப்பில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு இருக்கிறது. மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி, பின்தலையில் இருக்கும் இந்தச் சிறு பகுதியில்தான் இருக்கின்றன. பெருமூளை அனுப்பும் கட்டளையின் நகலும் இங்கே வருகிறது, தண்டுவடம் வழியாகத் தசைக்கதிர்களின் செய்தியும் நேராக இங்கே வருகிறது. அந்தச் செய்தி நம் நினைவுக்கு எட்டுவதே இல்லை. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இந்தக் கணிப்புதான் காரணம். நம் விரல் எங்கே எப்போது படும் என்பது முன்னமே கணிக்கப்பட்டுவிடுவதால் அந்த உணர்வு அடங்கிப்போகிறது.

சிறுமூளை கெட்டால் என்ன ஆகும் என்பதைக் கார்டன் ஹோம்ஸ் முதல் உலகப் போரில் தலையில் குண்டடி பட்ட வீரர்களிடம் கவனித்து 1917இல் எழுதினார். வலு இருக்கும், உணர்வும் இருக்கும், ஆனால் விரல் மூக்கைத் தாண்டிக் கன்னத்தில் போய் இடிக்கும். ஏன் தாண்டுகிறது? வேகமான அசைவுக்கு முதலில் ஒரு தசை கையை வீசும், பிறகு எதிர்த்தசை சரியான நேரத்தில் பிரேக் போட வேண்டும். 'இலக்கு வந்துவிட்டது' என்று உணர்வுச் செய்தி வந்தபிறகு பிரேக் போட்டால் நேரம் கடந்திருக்கும். அதனால் பிரேக் போட வேண்டிய கணத்தைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துத் தர வேண்டும். அங்கே பாதிப்பு என்றால் பிரேக் தாமதமாகிறது, கை தாண்டிவிடுகிறது. மருத்துவர் விரலால் மூக்கைத் தொடச் சொல்லிப் பார்ப்பது இந்தப் பிரேக்கைத்தான். கண்ணை மூடச் சொல்லியும் பார்த்தால் அது நிலையுணர்வுக்கான சோதனையும் ஆகிறது. காலுக்கும் இதேபோல் உண்டு. கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடினால் சாய்ந்து விழப்போகிறார் என்றால், அதுவரை கண்தான் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தது என்று அர்த்தம். வைட்டமின் பி12 குறைபாடும் நீண்டகாலச் சர்க்கரை நோயும் இதற்கு அடிக்கடி காரணம். முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறது என்று யாராவது சொன்னால் அதை அலட்சியமாக விடாதீர்கள்.

கணிப்பும் உணர்வும் சேர்ந்து உருவாக்கும் 'கை இங்கே இருக்கிறது' என்ற மதிப்பீட்டைப் பிடித்து வைத்திருக்கவும் ஓர் இடம் வேண்டும். மூளையின் உச்சிப்பக்கத்தில் இருக்கும் பரைட்டல் மடல் அதில் முக்கியமானது. அங்கே இடப்பக்கம் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1998இல் ஆய்வு வெளியானது. வலது கையைப் பார்க்கும்வரை அவருக்கு எல்லாம் சரி. பார்வையை விலக்கி, கையை அசைக்காமல் வைத்திருந்தால், கை மெல்ல விலகிப்போவதுபோல் தோன்றி, சில வினாடிகளில் மறைந்தே போய்விடும். திரும்பிப் பார்த்தால் கை வந்துவிடும். செய்தி வராமல் இல்லை. வந்ததைத் தேக்கி வைக்க முடியவில்லை.

என் கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். பக்கவாதத்தால் வலதுகையின் நிலையுணர்வு போன ஒருவர் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார். கை வலுவில் குறையே இல்லை, என் கையை நெரித்துவிடுவார். சட்டையின் நடுப் பித்தான்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே போட்டுவிடுவார். கழுத்துப் பித்தான் வரும்போது வேலை நின்றுவிடும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. விரல்கள் துணியைப் பிடித்திருக்கின்றனவா, பித்தானைப் பிடித்திருக்கின்றனவா என்றே தெரியாமல் தடவிக்கொண்டு நிற்கும். கண்ணாடி முன்னால் நிறுத்தினோம். இரண்டு வாரத்தில் கண்ணாடியைப் பார்த்துப் போடக் கற்றுக்கொண்டார். ஆனால் அந்த ஒரு பித்தானுக்காக முகம் வியர்த்துவிடும். நமக்கெல்லாம் நினைக்காமலே நடக்கிற வேலையை அவர் ஒவ்வொரு படியாக யோசித்துச் செய்துகொண்டிருந்தார்.

இதன் உச்சத்தை வாழ்ந்து காட்டியவர், மருத்துவ ஆய்வுகளில் ஐ.டபிள்யூ. என்று குறிக்கப்படும் இங்கிலாந்துக்காரர். 1971இல், 19 வயதில், ஒரு தொற்றுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் நிலையுணர்வும் முற்றாகப் போய்விட்டன. வலியும் சூடும் குளிரும் தெரியும், தசை நரம்புகளும் நன்றாகவே இருந்தன. ஆனால் படுக்கையில் கிடந்த உடல் அவர் சொன்னபடி கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு தசையாக யோசித்து, எழுந்து உட்காரக் கற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆனது. பிறகு நடந்தார், வேலைக்கும் போனார். எல்லாம் கண்ணை வைத்துத்தான். விளக்கு அணைந்தால் அப்படியே சரிந்து விழுவார். அவரிடம் ஒரு வியப்பான விஷயமும் உண்டு. பேசும்போது கைகளால் சைகை செய்வார். கைகளைப் பார்க்க முடியாதபடி மறைத்தாலும் அந்தச் சைகைகள் பேச்சோடு தாளம் தப்பாமல் வந்தன. பொருளை எடுக்க நீளும் கையும் பேச்சோடு அசையும் கையும் ஒரே கைதான் என்றாலும், மூளையில் அவற்றை நடத்தும் பாதைகள் ஒன்றல்ல போலும்.

அப்படியானால் கண்ணுக்கு இதில் என்னதான் வேலை? கையை ஓட்டுவது அல்ல, வரைபடத்தைத் திருத்தி வைப்பது. நிலையுணர்வு இழந்த நோயாளிகளிடம் க்ளாட் கெஸ் குழுவினர் 1995இல் காட்டியது இதைத்தான். கையை நகர்த்தும்போது பார்க்க விடவில்லை, ஆனால் தொடங்கும் முன் கொஞ்ச நேரம் கையைப் பார்க்க விட்டார்கள். அதனாலேயே அடுத்து வந்த அசைவுகள் கணிசமாகத் திருந்தின. ஆரோக்கியமானவர்களிடமும் இதைப் பார்க்கலாம். கையைப் பார்க்காமல் இரண்டு இலக்குகளுக்கு இடையே தாளத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் பல முறை நகர்த்தச் சொன்னால், கை மெல்ல மெல்ல இடம் பெயர்ந்து சில சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். நகர்த்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிக் கை இடம்பெயர்ந்த பிறகும் ஒவ்வொரு அசைவின் நீளமும் திசையும் ஏறக்குறைய மாறாமல் இருந்தன. எங்கே இருக்கிறோம் என்பது நழுவுகிறது, எப்படிப் போவது என்பது நழுவவில்லை. நழுவியதை ஒரே ஒரு பார்வை சரிசெய்துவிடுகிறது.

குழந்தைகள் முதலில் கையைப் பார்த்துப் பார்த்து நகர்த்தக் கற்றுக்கொண்டு, அப்புறம்தான் பார்க்காமல் செய்யப் பழகுகிறார்கள் என்று வெகுகாலம் நம்பினார்கள். ரேச்சல் க்ளிஃப்டன் குழுவினர் 1993இல் கைக்குழந்தைகளுக்கு இருட்டில் ஒளிரும் பொம்மையையும் ஒலி எழுப்பும் பொம்மையையும் காட்டினார்கள். தங்கள் கை அவர்களுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் பொம்மையை எட்டிப் பிடிக்கத் தொடங்கிய அதே பருவத்திலேயே இருட்டிலும் எட்டிப் பிடித்தார்கள்.

நீங்களே செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். கண்ணை மூடி, வலதுகை ஆட்காட்டி விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, கொஞ்சமும் அசைக்காமல் ஒரு நிமிடம் வைத்திருங்கள். பிறகு இடதுகை விரலால் அதன் நுனியைத் தொட முயலுங்கள். அடுத்த முறை, தொடுவதற்குச் சற்று முன் வலது விரலை நாலைந்து முறை லேசாக ஆட்டிவிட்டுத் தொடுங்கள். அசையாமல் கிடக்கும் கையைப் பற்றிய மதிப்பீடு மங்கிக்கொண்டே போகும். ஆட்டியதும் கட்டளையும் போகும், அதன் நகலும் கிடைக்கும், தசைக்கதிர்களும் விழித்துக்கொண்டு பேசும். ஒரு முறை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், ஒவ்வொன்றையும் பத்துப் பத்து முறை செய்து, எத்தனை முறை தவறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இருட்டில் எதையாவது தேடும் முன் விரல்களை ஒரு தடவை மடக்கி நீட்டிக்கொள்கிறோமே, கை அப்போது தன் இருப்பிடத்தைத்தான் சரிபார்த்துக்கொள்கிறது.